அடுப்புக்கு ஒரு போர்வை கொடுங்க சாமி!

வீட்டுத் தோட்டத்தில் செங்கல்லில் விறகு ஓவன் கட்டுவது இப்போது ஒரு சீசன் வியாதி. ராத்திரி பதினோரு மணிக்கு யூடியூபில் ஒரு இத்தாலிக்காரத் தாத்தா ஒண்ணரை நிமிஷத்தில் பீட்சா சுட்டு எடுப்பதைப் பார்க்க வேண்டியது. உடனே கை பரபரக்க வேண்டியது. அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு லோடு ஃபயர் பிரிக் வந்து இறங்கிவிடும். நல்ல விஷயம்தான். வாரம் பூரா பொட்டி தட்டுகிறவன் ஒரு நாளாவது கையில் கலவை பட வேலை செய்தால் உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு. கட்டுகிற எல்லாரும் செங்கல்லைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தச் செங்கல், எத்தனை செங்கல், வளைவு எப்படி வரணும், வாசலில் என்ன டிசைன்... சரி, அந்தச் செங்கல்லுக்கு வெளியே என்ன போடப் போறீங்க என்று கேட்டால், "பூசி வெள்ளை அடிச்சுருவோம்" என்கிறார்கள். அடியில்? "காங்கிரீட் ஸ்லாப்." அவ்வளவுதானா? "வேற என்னப்பா வேணும்?"

இன்சுலேஷன் வேணும் சாமி. அது இல்லாமல் நீங்கள் கட்டி வைத்திருப்பது ஓவன் இல்லை, ரூம் ஹீட்டர். அதுவும் ரூமுக்கு வெளியே, தமிழ்நாட்டு வெயிலில்.

மேட்டருக்குப் போகும் முன் ஒரு பெயர் விவகாரம். ஓவன் ஓவன் என்று எழுத எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. இலங்கைத் தமிழில் இதற்குப் 'போறணை' என்று அழகான சொல் ஒன்று உண்டு. போர்த்துக்கீசியர்களின் 'ஃபோர்னோ' அங்கே போய்ப் போறணை ஆகிவிட்டது. அதில் வெந்து வருகிற பாணும் அவர்கள் விட்டுப் போன சொல்தான். இனி நானும் போறணை என்றே எழுதுகிறேன்.

நிற்க.

கேஸ் அடுப்பு அன்றாடங்காய்ச்சி. எரிகிற வரைக்கும் சூடு, அணைத்தால் காலி. போறணை அப்படி இல்லை, அது பேங்க் மாதிரி. உள்ளேயே விறகை எரிக்கிறோம். அந்தச் சூட்டைச் செங்கல் டெபாசிட்டாக வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு நெருப்பை ஓரம் தள்ளிவிட்டோ, மொத்தமாக வாரி எடுத்துவிட்டோ, டெபாசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவு செய்கிறோம். முதலில் பீட்சா. நேப்பிள்ஸில் 1984இல் ஆரம்பித்த பீட்சாக்காரர் சங்கம் வைத்திருக்கும் விதிப்படி அதற்குத் தரை 380 முதல் 430 டிகிரி வரை இருக்கணும், 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிடணும். சூடு 250க்கு இறங்கியதும் ரொட்டி. இன்னும் இறங்கினால் பிஸ்கட், அப்புறம் பருப்பு, கறி என்று ராத்திரி பூரா வைத்து வேகவைக்கிற ஐட்டங்கள். கடைசியில் மிச்ச சூட்டில் அடுத்த வாரத்து விறகைக் காய வைக்கலாம். ஒரே தீ, ஒண்ணரை நாள் சமையல். போறணையின் மொத்த அழகும் இதுதான்.

இப்போது அந்த பேங்க் லாக்கரின் பின்பக்கம் ஓட்டை என்று வையுங்கள். அதுதான் இன்சுலேஷன் இல்லாத போறணை.

தெரிந்த ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம் தன் தோப்பில் ஒன்று கட்டினார். பார்க்க அம்சமாக இருக்கும். ஒம்பது இஞ்ச் சுவர், எல்லாம் ஃபயர் பிரிக். தரைக்கல்லை நேராகக் காங்கிரீட் ஸ்லாப் மேல் வைத்துவிட்டார்கள். கட்டும்போதே நான் வாயைத் திறந்தேன். கொத்தனார் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங் தம்பி, நாலரை இஞ்ச்சு வெச்சாத்தானுங்க சூடு வெளிய போகும். நாம ஒம்போது இஞ்ச்சு வெக்கறமுங்க. பயப்படாதீங்க."

முதல் ஞாயிறு மூணு மணி நேரம் எரித்தார்கள். கருவேல விறகு அடுக்கு பாதி காலி. பீட்சா உள்ளே போனது. மேலே கருகல், கீழே பச்சை மாவு. குவிமாடத்தை நெருப்பு நேராகச் சுட்டதால் மேல்பக்கம் சூடு; தரைச் சூட்டைக் காங்கிரீட் உறிஞ்சிக் குடித்துவிட்டதால் அடிப்பக்கம் மந்தம். "மாவு சரியில்லை" என்று பழி மாவு பிசைந்த அக்கா தலையில் விழுந்தது. இப்போது அந்தப் போறணைக்குள் தேங்காய் மட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கொத்தனார் அண்ணனை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் தொழில் வீட்டுச் சுவர். வீட்டுச் சுவருக்கு ஒம்பது இஞ்ச் என்பது சரியான பதில். வாங்கிய இஞ்சினியரிங் டிகிரியைச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு பெருக்கல் கணக்குகூடப் போட்டுப் பார்க்காத நம்ம சாதிசனத்தின் மேல்தான் எனக்குக் கோபம். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் அரியர் வைத்தவன்கூட இதைப் போடலாம். போடுவோமா?

உள்விட்டம் 1 மீட்டர், அரைக்கோளக் குவிமாடம், நாலரை இஞ்ச் ஃபயர் பிரிக் சுவர், மூணு இஞ்ச் தரை. செங்கல் எடை மட்டும் சுமார் 580 கிலோ. இதைச் சராசரியாக 300 டிகிரிக்கு ஏற்ற சுமார் 150 மெகாஜூல் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். ஆக 10 கிலோ. பாதிச் சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும் என்று வைத்தால் 20 கிலோ. இதுவரை பிரச்சினை இல்லை.

உள்ளே 300, வெளியே 30 டிகிரி. சுவர் வெறுஞ்செங்கல் என்றால் குவிமாடம் வழியாக மட்டும் வெளியே ஓடுகிற சூடு சுமார் 3,000 வாட். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ரெண்டை ஆன் பண்ணித் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்த மாதிரி. வெளிச்சுவரின் சூடு 115 டிகிரியைத் தாண்டும். குழந்தை ஓடி வந்து கையை வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதே குவிமாடத்துக்கு வெளியே மூணு இஞ்ச் செராமிக் ஃபைபர் போர்வை சுற்றுங்கள். சுமார் 25 கிலோதான் இருக்கும். வெளியே ஓடுகிற சூடு 600 வாட். ஒரு மிக்ஸி. வெளிச்சுவர் 50 டிகிரி.

இந்த ரெண்டையும் ராத்திரி ஏழு மணிக்கு மூடி வைத்துவிட்டுக் காலை ஏழு மணிக்குத் திறந்தால்? வெறுஞ்செங்கல் 140 டிகிரி. போர்வை போட்டது 255 டிகிரி. தரை, கதவு வழியாகப் போவதை நான் சேர்க்கவில்லை. நிஜத்தில் ரெண்டுமே இதைவிடக் குறையும். ஆனால் முதலாவதில் ரொட்டி வேகாது, ரெண்டாவதில் வேகும் என்பது மாறாது. இன்னொரு தரம் 20 கிலோ விறகு எரிப்பதா வேண்டாமா என்பதுதான் இந்த வித்தியாசம்.

"அதான் ஒம்பது இஞ்ச் வைக்கிறோமே?" அதையும் போட்டுப் பார்த்தேன். சுவரை ஒம்பது இஞ்ச் ஆக்கினால் குவிமாடத்தின் எடை சுமார் 460 கிலோவிலிருந்து 1,130 கிலோ ஆகிறது. ரெண்டரை மடங்கு செங்கல். வெளியே ஓடும் சூடு? 3,000 வாட்டிலிருந்து 2,250 வாட்டுக்கு இறங்குகிறது. அவ்வளவுதான். ரெண்டரை மடங்கு காசு, ரெண்டரை மடங்கு சுமை, கால்பங்கு லாபம். இதில் இன்னொரு கூத்து: தடிமன் ரெண்டு மடங்கானால் சூடு மறுபக்கம் வரை ஊறுகிற நேரம் நாலு மடங்கு. அந்த மூணு இஞ்ச் போர்வை செய்கிற வேலையைத் தட்டையான செங்கல் சுவர் செய்யணும் என்றால் சுவர் மூணு அடித் தடிமன் வேணும். கோட்டை கட்டுகிறீர்களா, போறணை கட்டுகிறீர்களா?

இதைச் சொன்னால் மூணு விதமான பதில் வரும். ஒண்ணொண்ணாப் பார்ப்போம்.

முதல் ஆள் மரபுக்காரர். "நம்ம பாட்டன் காலத்துல இன்சுலேஷனா இருந்துச்சு? எல்லாம் வெறும் மண்ணுலயும் செங்கல்லயும்தானே கட்டினாங்க?" என்பார். இருந்தது ஐயா, பேர்தான் வேறு. ஐஸ் வண்டிக்காரர் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்துச் சாக்குப் போட்டு மூடினாரே, அது என்ன? அவரிடம் போய் யாராவது "பெட்டிப் பலகையை இன்னும் தடிமனாப் போடுங்க, மரத்தூள் எதுக்கு" என்று யோசனை சொன்னோமா? உலகம் பூரா மண் போறணை கட்டுகிறவர்கள் உள்ளே கெட்டி மண், வெளியே வைக்கோலோ மரத்தூளோ கலந்த லேசான மண் என்று ரெண்டு அடுக்கு வைக்கிறார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்துப் பேக்கரிகளில் குவிமாடம் அம்மணமாக வெளியே நிற்கவில்லை. சுற்றிலும் கட்டடத்துக்குள் பொதிந்து இருக்கிறது. அங்கே ஒரு போறணைக்குள் 81 ரொட்டிகள் கரியாகக் கிடைத்தன. அந்த ரொட்டிக்காரர் யாரும் சர்டிபிகேட் வாங்கியவர் இல்லை. சூடு எங்கே போகிறது என்று கையால் தெரிந்து வைத்திருந்தார்.

ரெண்டாவது ஆள் பேக்கரி உதாரணம் காட்டுவார். "எங்க ஊரு பேக்கரில அம்பது வருஷமா வெறும் செங்கல் அடுப்புதான், சூப்பரா ஓடுது." இங்கேதான் பெரிய குழப்பம். பேக்கரி அடுப்பு ஆறுவதே இல்லை. நேற்று எரித்த சூடு பாதி இன்றைக்கும் இருக்கும். அதன் மேல்தான் இன்றைய விறகு. சுற்றியிருக்கிற மண்ணும் சுவரும் மாசக்கணக்கில் ஊறிப்போய்க் கிடக்கும். உங்கள் போறணை? வாரம் ஒரு தரம், பல வீட்டில் மாசம் ஒரு தரம். ஒவ்வொரு தடவையும் 30 டிகிரியிலிருந்து ஆரம்பம். பேக்கரியில் இருக்கிற கனத்தைக் காப்பியடித்தால், அந்தக் கனத்துக்கு முழுச் சூடு ஏற்றியே உங்கள் ஞாயிறு முடிந்துவிடும். இது வெளிநாட்டிலும் நடந்த கதைதான். ஆலன் ஸ்காட் என்கிற ஆஸ்திரேலியாக்காரர் கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு கனமான ரொட்டிப் போறணைகளை வடிவமைத்தார். டேனியல் விங்கோடு சேர்ந்து 1999இல் புத்தகமும் போட்டார். தினம் ரொட்டி சுடுகிறவனுக்கு அது தங்கமான டிசைன். சனிக்கிழமை நாலு பீட்சா போடுகிறவனுக்கு அந்தக் கனம் எதற்கு? வீட்டுக்குச் செங்கல் குறைவாக, போர்வை அதிகமாக. பேக்கரிக்கு நேர் எதிர்க் கணக்கு.

மூணாவது ஆள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர். இயற்கை ஆர்வலர். "விறகு புதுப்பிக்கத்தக்க எரிபொருள், கேஸ்தான் கெடுதல்" என்பார். ஒரே உட்காரலில் 40 கிலோ விறகை எரித்து எட்டு பீட்சா சுடுவதற்குப் பெயர் இயற்கை என்றால் காட்டுத்தீக்கு என்ன பெயர் வைப்பது? விறகுப் புகையில் இருப்பது பி.எம். 2.5 என்கிற நுண்துகள். அதற்கு நம் நாட்டுத் தர அளவு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. புகை அதிகம் வருவது போறணை ஜில்லென்று இருக்கிற ஆரம்ப நேரத்தில்தான். உள்ளே நல்ல சூடு ஏறியதும் குவிமாடத்தில் படிந்த கரியே எரிந்து வெளுத்துவிடும், புகையும் அடங்கும். ஆக, சீக்கிரம் சூடாகி, ரொம்ப நேரம் சூட்டைப் பிடித்து வைத்து, மறுநாள் தீ மூட்ட வேண்டாதபடி செய்வதுதான் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. அவர் வீட்டிலும் ஆஸ்துமாக்காரர் இருப்பார், துணி காயும். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பை பேக்கரிகளை விறகு, கரியை விட்டுவிட்டு ஆறு மாசத்துக்குள் கேஸ் மாதிரி எரிபொருளுக்கு மாறச் சொன்னது. பிழைப்புக்கு அடுப்பு மூட்டுகிறவர்களுக்கே அந்த நிலைமை. பொழுதுபோக்குக்குப் புகை விடுகிற நமக்கு யார் பரிந்து பேசப் போகிறார்கள்?

சரி, திட்டியது போதும். கட்டியே தீருவேன் என்கிறவர்களுக்கு, காசு எந்த வரிசையில் போகணும் என்று என் கணக்கு:

1. முதல் காசு தரைக்கு அடியில். ஸ்லாப் மேல் கால்சியம் சிலிகேட் போர்டு. கிடைக்கவில்லையா, வெர்மிகுலைட்டையோ பெர்லைட்டையோ கொஞ்சம் சிமெண்டோடு கலந்து நாலு இஞ்ச் அடுக்கு. வெர்மிகுலைட் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று பயப்படாதீர்கள். திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரில் மண்ணிலேயே இருக்கிறது. அதன் மேல்தான் தரைக்கல்.

2. ரெண்டாவது காசு குவிமாடத்துக்கு வெளியே. செராமிக் ஃபைபர் என்றால் வெட்டும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். அந்த இழை நுரையீரலுக்கு ஆகாது. சுற்றி முடித்ததும் மேலே பூசி மூடிவிடணும். பட்ஜெட் இல்லை என்றால் ரைஸ் மில்லில் உமிச் சாம்பல் கேளுங்கள். உருக்காலையில் கொதிக்கும் இரும்புக் குழம்பின் மேல் சூடு போகாமல் இருக்கத் தூவுவது அதைத்தான். குவிமாடத்தைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி அதைக் கொட்டி நிரப்பலாம். அதற்கும் முகமூடி உண்டு.

3. மூணாவது காசு கதவுக்கு. நடுவில் இன்சுலேஷன் வைத்த கதவு. ராத்திரி பூரா வாசலைத் திறந்து போட்டுவிட்டு மேலே சொன்ன கணக்கை என்மேல் எறியக் கூடாது.

4. அதற்கப்புறம்தான் செங்கல். நாலரை இஞ்ச் போதும். கடையில் ஐ.எஸ். 6, ஐ.எஸ். 8 என்று கேட்பார்கள். 6 மிதமான சூட்டுக்கானது, நமக்கு அதுவே தாராளம். உருக்கு ஆலைக்குப் போகிற உயர்ரகக் கல்லை வாங்கிவிட்டு நண்பர்களிடம் பீற்றிக்கொள்வதால் ரொட்டி கூடுதலாகச் சிவக்காது.

5. கலவையில் வெறும் சிமெண்ட், மணல் வேண்டாம். 400 டிகிரிக்கு மேல் சாதா சிமெண்டின் பிடிப்பு விட ஆரம்பித்துவிடும். ஹை அலுமினா சிமெண்ட் நல்லது. இல்லையேல் மணல் 3, சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே 1 என்கிற கலவை பலரும் கட்டிப் பார்த்த ஒன்று.

6. புகைபோக்கி வாசலுக்கு முன்பக்கம், வெளியே. குவிமாடத்தின் உச்சியில் ஓட்டை போடுகிறவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே ஓட்டையில் காலி பண்ணிவிடுகிறார்கள். வாசல் உயரம் உள்உயரத்தில் 63 சதவீதம் சுமார். உள்ளே 50 சென்டிமீட்டர் என்றால் வாசல் 31, 32.

7. கட்டி முடித்த அன்றே பீட்சா பார்ட்டி வைக்காதீர்கள். ஒரு வாரம் சும்மா விட்டு, அப்புறம் ஒரு வாரம் தினம் சின்னத் தீயாகப் போட்டுப் போட்டு ஈரத்தை வெளியே எடுக்கணும். தண்ணீர் ஆவியானால் 1,700 மடங்கு விரியும். வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு போகும். மேலே ஒரு கூரையும் போடுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த இன்சுலேஷன் இன்சுலேஷனே இல்லை.

இன்னொரு விஷயம், இதைக் கொட்டை எழுத்தில் படிக்கவும். மொட்டை மாடியில் கட்டாதீர்கள். செங்கல், ஸ்லாப், கீழே நிற்கிற சுவர் எல்லாம் சேர்ந்தால் சுமார் 2 டன். அது உட்காருகிற இடம் ரெண்டேகால் சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 900 கிலோ. ஆள் நடமாடுகிற மாடிக்கு நம்ம கோடு புத்தகம் எடுத்துக்கொள்ளச் சொல்வது சதுர மீட்டருக்கு 150 கிலோ. "எங்க வீடு ஸ்ட்ராங்கு சார், டேங்க்கே தாங்குது" என்கிறவர்கள் கட்டுமுன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியருக்கு ஃபீஸ் கொடுங்கள். கீழ் வீட்டில் இருப்பவர்கள் பீட்சா கேட்கவில்லை.

பழனி மலைப் பக்கம் ஆண்ட பேகன், மயில் குளிரில் நடுங்குகிறதோ என்று போர்வையைக் கொடுத்தான். மயிலுக்கு அது தேவையே இல்லை. இருந்தாலும் வள்ளல் என்று ரெண்டாயிரம் வருஷமாகப் புகழ்கிறோம். நிஜமாகவே போர்வை தேவைப்படுகிற ஒரு ஜந்து உங்கள் தோட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதற்குக் கொடுக்க மட்டும் நமக்கு மனசு வருவதில்லை. ஏன் என்றால் போர்வை போட்டோவில் தெரியாது. செங்கல் தெரியும் :-)

ஏற்கனவே கட்டிவிட்டவர்களுக்கு ஒரு சோதனை. தீ நன்றாக எரிந்து, உள்ளே வெளுத்து, ரெண்டு மணி நேரம் கழித்து, வெளிச்சுவர்ப் பக்கம் உள்ளங்கையை மெதுவாகக் கொண்டு போங்கள். தொடாமலேயே அனல் அடித்தால் இடிக்கவெல்லாம் வேண்டாம். நன்றாக ஆறட்டும். வெளியே சுற்றிவர ஒரு பெட்டி கட்டி, ரைஸ் மில்லுக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள். நாலு மூட்டைச் சாம்பலில் தொடங்கலாம். தரைக்குத் தீர்வு, இருக்கிற கல்லின் மேலேயே மெல்லிய போர்டும் புதுக்கல்லும். வாசல் கொஞ்சம் குள்ளமாகும், பரவாயில்லை. தேங்காய் மட்டை வைக்க வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.